சயாமுக்குப் போனவர்களின் கணக்கு

ஜப்பான் சரணடைந்து சில வாரங்களே ஆகியிருந்த 1945 செப்டம்பரில், நேச நாட்டு ராணுவத்தின் கல்லறைத் தேடல் குழு ஒன்று தாய்லாந்து–பர்மா ரயில்பாதை நெடுகப் பயணம் செய்தது. அந்தப் பாதையைப் போட்ட போர்க்கைதிகள் சிலரும் வீடு திரும்பும் நாளைத் தள்ளிவைத்துவிட்டு அதனுடன் சென்றார்கள். முகாம்களில் உயிரைப் பணயம் வைத்து எழுதி, மண்ணுக்குள் ஒளித்துக் காப்பாற்றிய இறப்புப் பட்டியல்கள் அவர்களிடம் இருந்தன. மூன்று வாரங்களுக்குள் 144 இடுகாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அந்தக் குழு கண்டறிந்தது. பின்னர் அந்த எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு, காஞ்சனபுரி, சுங்காய், தான்பியூசயாத் ஆகிய மூன்று மயானங்களில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரி மயானத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பெயர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்கலப் பலகை. அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது.

அதே காட்டில், அதே மாதங்களில், அதே தண்டவாளத்துக்காக இறந்த ஆசியத் தொழிலாளர்களைத் தேடி எந்த அரசும் அப்படி ஒரு குழுவை அனுப்பவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தரும் எண்களை எடுத்துக்கொள்வோம். இறந்த போர்க்கைதிகள் சுமார் 13,000 பேர். இறந்த தொழிலாளர்கள் 80,000-இலிருந்து 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. இந்த மதிப்பீட்டின் இரு முனைகளுக்கும் நடுவே விடுபட்டிருப்பது மட்டும் 20,000 உயிர்கள். இறந்த போர்க்கைதிகள் அத்தனை பேரையும் அந்த இடைவெளிக்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும்.

மாண்ட தொழிலாளர்களில் பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் இருந்தார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட 70,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர்களுக்கு ஒரு முழுமையான பெயர்ப் பட்டியல் இல்லை. ஒரு பெரும்போரை ஒரு சமூகம் எப்படி நினைவில் வைக்கிறது, யாரை அந்த நினைவில் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்ற கேள்விக்குச் சயாம் (தாய்லாந்து) மரண ரயில் எனப்படும் இந்தப் பாதையைவிடத் தெளிவான சான்று ஆசியாவில் குறைவு. இதில் தீர்ப்புச் சொல்லாமல் வெறும் அஞ்சலியோடு நகர்ந்துவிடுவது சரியல்ல என்று கருதுகிறோம்.

நடந்ததை முதலில் பார்ப்போம். 1942 தொடக்கத்தில் பர்மாவைப் பிடித்த ஜப்பான், அங்கிருந்த தன் படைக்கு அரிசியும் ஆயுதமும் அனுப்ப மலாக்கா நீரிணை வழியாகக் கப்பல்களை நம்பியிருந்தது. ஜூன் மாதம் மிட்வேயில் தோற்ற பிறகு அந்தக் கடல்வழியைக் காப்பது அதற்குக் கடினமாயிற்று. எனவே தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து மூன்று பகோடா கணவாயைத் தாண்டிப் பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டருக்குத் தரைவழிப் பாதை போட முடிவு செய்தது. ஆங்கிலேயர் முன்பு யோசித்துப் பார்த்து, மலையையும் மழையையும் நோயையும் எண்ணிக் கைவிட்ட தடம் அது. 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் இணைந்துவிட்டன. வேலை முழுவேகத்தில் நடந்தது ஓராண்டுக்குச் சற்றே மேல். அந்த வேகத்துக்கான விலையை மனித உடம்பு கொடுத்தது.

மலாயாத் தோட்டங்களில் அப்போது பஞ்சம். மேற்கு நாட்டுச் சந்தை அறுந்துபோனதால் ரப்பரை வாங்க ஆளில்லை, பால்வெட்டு நின்றது, சம்பளம் நின்றது, மரவள்ளிக்கிழங்கு தின்று பொழுதை ஓட்டினார்கள். அந்த நேரத்தில், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டது. முதலில் நம்பிப் போனவர்கள் உண்டு. மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராதபோது மற்றவர்கள் தயங்கினார்கள். பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு வந்தது. காலைப் பெரட்டில் நின்றவர்களிலிருந்து ஆட்களைப் பிரித்தெடுத்தார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டம் சேர்த்து, கதவை அடைத்து, லாரியில் ஏற்றிய கதை தப்பிவந்தவர்களின் வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அடைத்த சரக்குப் பெட்டிகளில் தாய்லாந்தின் பான்போங் வரை ரயில். அதற்கப்பால் காட்டுவழியே நாள்கணக்கில் நடை.

1943-இன் மழைக்காலத்தில் காலரா வந்தது. வேலையை இன்னும் விரட்டச் சொல்லி மேலிட நெருக்கடி உச்சத்தில் இருந்த காலமும் அதுதான். இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். போர்க்கைதிகள் பட்ட துன்பம் சொல்லி மாளாதது. அவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இறந்தார். ஆனால் அவர்களுக்குள் ஒரு ராணுவ அமைப்பு எஞ்சியிருந்தது. மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும், கழிப்பிடக் குழியைத் தள்ளித் தோண்ட வேண்டும், நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகளும், கட்டளைக்குப் பணியும் பழக்கமும் இருந்தன. தோட்டத்திலிருந்து குடும்பமாகவும் தனியாகவும் அள்ளிக்கொண்டு வரப்பட்ட தொழிலாளிக்கு இதில் எதுவுமே இல்லை. அவரை அழைத்து வந்தவர்கள் மருத்துவரை அழைத்து வரவில்லை.

வேலைக்கு ஆள் மிஞ்சாத நிலை நெருங்கியபோதுதான், 1943-இன் நடுவில், சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்து போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கொண்ட இரண்டு குழுக்களை ஜப்பானிய ராணுவம் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பியது. மருந்து கொடுத்து அனுப்பவில்லை. ஆட்களை மட்டும் அனுப்பியது. அவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளே இன்று நம்மிடம் உள்ள முக்கியச் சாட்சியங்கள். ஒழுகும் அத்தாப்புக் கூரையின் கீழ், மூங்கில் பரணில், எலும்பு தெரியும் அளவுக்கு அழுகிய கால்புண்ணோடு கிடந்தவர்கள். பக்கத்தில் கிடப்பவர் செத்துவிட்டார் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாதவர்கள். உயிர் முற்றாகப் போகுமுன்பே பிணங்களோடு குழிக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள். தாயும் தகப்பனும் போனபின் முகாமில் தனியே நின்ற குழந்தைகளும் இருந்தார்கள்.

இவ்வளவும் ஜப்பானிய ராணுவத்தின் குற்றம். அதில் பங்கு கேட்க வேறு யாரும் இல்லை. ஆயினும் இந்தத் தலையங்கத்தின் முதன்மைக் குற்றச்சாட்டு 1943-ஐப் பற்றியது அல்ல. போர்க்காலத்துக் கொடுமையைச் செய்தவர்களுக்குப் போர் என்ற சாக்காவது இருந்தது. அதற்குப் பிந்தைய எண்பது ஆண்டுகளில், குண்டு விழாத ஊர்களில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கோப்புகளைப் படித்துப் பார்த்து, இந்த மனிதர்களைக் கணக்கிலிருந்து நீக்கியவர்களுக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

அந்த வரிசையில் முதலில் நிற்பது பிரிட்டன். மதராஸ் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகளை வைத்து இம்மக்களைக் கப்பலேற்றி மலாயாவுக்குக் கொண்டுபோனது பிரிட்டிஷ் ஆட்சியும் பிரிட்டிஷ் கம்பெனிகளும். ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல் இருந்தது. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், யாருக்கு எத்தனை காசு பாக்கி என்று கிராணி எழுதிவைத்தார். ஆட்களைக் காசுக்காகக் கணக்கு வைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு அவர்கள் இறந்ததைக் கணக்கு வைக்கத் தெரியாமற் போனது என்று நம்ப முடியவில்லை. திரும்பி வந்த நிர்வாகம், 1946-இலேயே, தோட்டம் தோட்டமாகப் போய் ‘சயாமுக்குப் போனவர் யார், வராதவர் யார்’ என்று விசாரித்திருந்தால் சில மாதங்களில் ஒரு பட்டியல் முடிந்திருக்கும். ரப்பர் உற்பத்தியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எடுத்துக்கொண்ட அக்கறையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

தாய்லாந்துப் பகுதி ரயில்பாதையைப் பின்னர் பிரிட்டன் 12.5 லட்சம் பவுனுக்குத் தாய்லாந்து அரசுக்கு விற்றது. தண்டவாளத்துக்கு மதிப்புப் போட்டுப் பேரம் பேசி முடித்தார்கள். அதைப் போட்டவர்களின் சாவுக்கு மதிப்புப் போட யாருக்கும் தோன்றவில்லை. 1951-இன் சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில், ஜப்பானின் வெளிநாட்டுச் சொத்துகளிலிருந்து முன்னாள் போர்க்கைதிகளுக்கு இழப்பீடு தரத் தனி விதி எழுதப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டன் தன் முன்னாள் போர்க்கைதிகளுக்கும் தடுப்புக் காவலில் இருந்த குடிமக்களுக்கும் தலா 10,000 பவுன் வழங்கியது. இரண்டும் நியாயமானவை, காலம் கடந்தவை என்பதைத் தவிர அவற்றில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் மலாயாவுக்காகவும் கையெழுத்திட்ட பிரிட்டன், மலாயாத் தொழிலாளிக்காக அங்கே ஒரு வரி கேட்டு வாங்கவில்லை. 2000-இன் அறிவிப்பிலும் அவருக்கு இடமில்லை. தன் கொடியின் கீழ் போரிட்டுப் பிடிபட்ட கூர்க்கா வீரர்களையே அந்தத் திட்டத்திலிருந்து விலக்கிவைத்து, அது செல்லாது என்று 2002-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை பிடிவாதம் காட்டிய அரசு அது. பால்வெட்டிக்கு அங்கே என்ன எதிர்பார்க்க முடியும்?

இந்தியாவின் பொறுப்பும் சிறியதல்ல. சான்பிரான்சிஸ்கோவுக்குப் போக மறுத்த இந்தியா, 1952 ஜூனில் ஜப்பானோடு தனி அமைதி உடன்படிக்கை செய்துகொண்டது. தோற்ற நாட்டை மேலும் நசுக்கக் கூடாது என்ற நேருவின் எண்ணம் உயர்ந்தது. ஜப்பான் அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறது. அந்த உடன்படிக்கையில் போர் இழப்பீட்டு உரிமை அனைத்தையும் இந்தியா விட்டுக்கொடுத்தது. இந்தியக் குடிமக்களின் கோரிக்கைகளும் அதில் அடக்கம். பெருந்தன்மை காட்டுவது ஓர் அரசின் உரிமைதான். ஆனால் அன்று விட்டுக்கொடுக்கப்பட்டதில் ஒரு பகுதி டெல்லியின் சொத்து அல்ல. காவிரிக்கரையிலும் பாலாற்றங்கரையிலும் இருந்து மலாயாவுக்குப் போய், சயாமில் மாண்டு, ஊரில் அண்ணன் தம்பிகளை விட்டுச்சென்றவர்களுக்கும் அதில் பாத்தியதை இருந்தது. அவர்களுக்காக ஒரு கேள்வியும் எழுந்ததாகத் தெரியவில்லை.

சுதந்திர மலேசியாவும் இதே தவற்றைத் தன் வழியில் செய்தது. சீனச் சமூகத்தின் தொடர்ந்த போராட்டத்துக்குப் பிறகு, 1967-இல் ஜப்பான் 2.5 கோடி மலேசிய வெள்ளி மதிப்புக்கு உதவி தர ஒப்புக்கொண்டது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து, தேசியக் கப்பல் நிறுவனத்தின் தொடக்க மூலதனமாயிற்று. நாட்டுக்குக் கப்பல் தேவைதான். சயாமில் கணவனை இழந்து, தானே கத்தி பிடித்துப் பால்வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவளுக்கு அந்தக் கப்பல்கள் எதையும் இறக்கவில்லை.

ஜப்பானைப் பற்றிச் சொல்ல இரண்டு பொருள்களைச் சுட்டினால் போதும். ஒன்று காஞ்சனபுரியில் இருக்கிறது. பாதை முடிந்த சில மாதங்களில், 1944-இல், அதைப் போடவைத்த ஜப்பானிய ராணுவமே இறந்தவர்களுக்காக ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது. பல மொழிகளில் வாசகம் பொறித்தது. தமிழும் அவற்றில் உண்டு. ஆக, யார் செத்தார்கள், அவர்கள் எந்த மொழி பேசினார்கள் என்பது செய்தவர்களுக்கு அன்றே தெரியும். இன்னொன்று டோக்கியோவில் இருக்கிறது. அந்தப் பாதையில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின் ஒன்றை, ரயில்வே படைப்பிரிவின் முன்னாள் வீரர்கள் 1979-இல் தாய்லாந்திலிருந்து தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். யாசுகுனி ஆலயத்தின் போர் அருங்காட்சியக முகப்பில் அது துடைத்துப் பளபளப்பாக நிற்கிறது. இரும்பைத் தேடிக் கண்டுபிடித்துக் கடல்கடந்து கொண்டுவரும் நினைவாற்றல் ஒரு நாட்டுக்கு இருக்கும்போது, மனிதர்களின் பட்டியல் கிடைக்கவில்லை என்று அது சொல்ல முடியாது.

எல்லாம் உடன்படிக்கைகளில் தீர்ந்துவிட்டது என்பது ஜப்பானிய அரசின் நிலைப்பாடு. சட்டப்படி அது வலுவானது. அறத்தின் முன் நிற்காது. ஜெர்மனியிடமும் அப்படிப்பட்ட சட்ட வாதங்கள் இருந்தன. ஆயினும் 2000-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை அமைத்து, நாஜி ஆட்சியில் கட்டாய உழைப்புக்கு ஆளான 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பணம் கொடுத்தன. உயிரோடு இருந்தவர்களுக்கு அது போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான தாமதம். எனினும் விண்ணப்பித்த ஒவ்வொருவரின் பெயரையும், அவர் எங்கே உழைத்தார் என்பதையும் ஓர் அரசு எழுதிக்கொண்டது. ‘இது உனக்கு நடந்தது, நாங்கள் செய்தோம்’ என்று ஒப்புக்கொண்டது. ஜப்பான் மலாயாத் தொழிலாளிக்கு அந்த வரியைக்கூட இன்னும் எழுதவில்லை. இந்த விஷயத்தில் அந்நாடு குற்றவாளியாகவே நிற்கிறது என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

அரசுகளைச் சொல்லியாயிற்று. உலகின் பொது நினைவு எப்படி உருவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் மக்கள் மனத்தில் பதிவது உடன்படிக்கைகள் அல்ல. 1957-இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ படம் ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. எடுத்த இடம் இலங்கையின் கித்துல்கல. அந்தப் படத்தின் புகழுக்கு ஏற்ப, பாலம் நிற்கும் ஆற்றின் பெயரையே 1960-இல் தாய்லாந்து மாற்றிக்கொண்டது. இன்று காஞ்சனபுரிக்கு வரும் பயணிகள் அந்தப் படத்தைப் பார்க்க வருகிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் பாலத்தில் ஒலி–ஒளிக் காட்சி நடக்கிறது. அந்தக் கதைக்குள் பிரிட்டிஷ் அதிகாரி உண்டு, ஜப்பானிய அதிகாரி உண்டு, அமெரிக்கன் உண்டு. பெரும்பான்மையாக உழைத்து, பெரும்பான்மையாக இறந்தவர்கள் அதில் இல்லை.

எழுதத் தெரிந்தவர்களின் துன்பம் நூலாகிறது. சங்கம் வைத்துக்கொள்ள முடிந்தவர்களின் துன்பம் விழாவாகிறது. ஆஸ்திரேலியா அந்தப் பாதையிலுள்ள கொன்யூ மலைவெட்டில் 1998-இல் ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25 விடியற்காலையில் அங்கே அஞ்சலி நடக்கிறது. தங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சமூகம் செய்யும் மரியாதை அது. பார்த்துக் கற்க வேண்டியது. மாறாக, 1990 நவம்பரில் காஞ்சனபுரி நகருக்கு அருகே ஒரு கரும்பு வயலில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. தொழிலாளர்களுடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் அவ்வூர்க் காட்சியகம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் பயணிகளின் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன. போர்க்கைதியின் எலும்புக்கு மயானம். தொழிலாளியின் எலும்புக்கு நுழைவுச்சீட்டு. இரண்டையும் ஒரே ஊரில், நடந்துபோகும் தூரத்தில் பார்க்க முடிந்தது.

தோட்டத்து லயங்களில் நினைவு வேறு விதமாக வாழ்ந்தது. ‘அப்பா சயாமுக்குப் போனார்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். எங்கே இறந்தார், எந்த நாளில் இறந்தார் என்று தெரியாதவருக்குத் திதி கொடுக்க முடியாது. ஆடி அமாவாசையிலோ மகாளய அமாவாசையிலோ பொதுவில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வர வேண்டியதுதான். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூட ஒரு சேதி வேண்டும். அந்தச் சேதி வராமலே எத்தனையோ பெண்கள் முதுமையடைந்தார்கள். போரின் காயம் என்று அறிஞர்கள் எழுதுவது இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் இறங்குகிறது: சாவு நடந்தும் சாவுச் சடங்கு நடக்காத வீடாக. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு வீட்டுமனைகளானபோது, அந்த லயங்களும், அவற்றில் இக்கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்த கிழவிகளும் ஒருசேர இடம்பெயர்ந்தார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும், மலேசியத் தமிழ் ஆர்வலர்கள் கைக்காசு போட்டுச் செய்த ஆவணப்படமும் நேர்காணல்களும் இல்லையென்றால், எஞ்சியிருப்பதும் போயிருக்கும்.

தமிழகத்தில் இந்த நினைவு ஏன் வேர்விடவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. நமக்குத் தென்கிழக்காசியப் போர் என்றால் இந்திய தேசிய ராணுவம்தான். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின் மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்தத் தியாகம் உண்மையானது. நாம் அதைப் போற்றுகிறோம். ஆனால் அந்தப் படையின் கூட்டாளி ஜப்பான். அதே ஆண்டில், அதே தோட்டங்களிலிருந்து, அதே கூட்டாளியின் லாரிகளில் போனவர்கள் சயாமில் செத்துக்கொண்டிருந்தார்கள். பர்மா முனைக்குச் சென்ற இந்திய வீரர்களில் ஒரு பகுதியினர் அந்தத் தண்டவாளத்தின் மீதே பயணம் செய்தார்கள். ஒரே லயத்தில் மூத்தவன் சயாமுக்கும் இளையவன் படைக்கும் போயிருக்கலாம். இளையவனுக்கு மட்டும் தியாகி ஓய்வூதியம் கேட்க ஒரு படிவம் இருந்தது. வீரத்தின் கதைக்கு இடையூறாக இருக்கும் என்று தொழிலாளியின் கதையை ஓரம் தள்ளுவது நேதாஜிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இரண்டையும் ஒருசேரச் சுமக்கத் தெரியாத சமூகம் தன் வரலாற்றைப் பாதி அறிந்த சமூகம்.

2023 மே மாதம் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு நடுகல் நிறுவப்பட்டது. தமிழ்நாடு அரசும் அதற்கு நிதி வழங்கியது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் இதற்காக உழைத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் நம் மரபில் நடுகல் என்பது பெயரைத் தாங்கிய கல். இன்ன ஊரின் இன்னான், இன்ன பூசலில் பட்டான் என்று பொறிப்பதே அதன் வேலை. தருமபுரியிலும் செங்கத்திலும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கற்களில் நிரை மீட்டு இறந்தவனின் பெயரை இன்றும் படிக்கிறோம். எண்பது ஆண்டுக்கு முன் இறந்தவர்களுக்கு அதைச் செய்ய முடியாது என்று சொல்வதை ஏற்க இயலாது.

வேலை பெரியதுதான், முடியாததல்ல. மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டன் ஆவணக் காப்பகத்திலும் போருக்குப் பிந்தைய ராணுவ நிர்வாகத்தின் கோப்புகள் உள்ளன. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பற்றிய தாள்கள் உள்ளன. பழைய தோட்ட நிறுவனங்களின் வாரிசு நிறுவனங்கள் இன்றும் பங்குச்சந்தையில் பெயர் பெற்று நிற்கின்றன. அவற்றின் கிடங்குகளில் செக்ரோல் ஏடுகள் எங்காவது மிஞ்சியிருந்தால் அவை வெளிவர வேண்டும். தோட்டக் கோயில்களில் வரிக்கணக்குகள் இருக்கக்கூடும். குடும்பங்களில் பேரர்கள் இருக்கிறார்கள். தாத்தாவின் பெயரும், தோட்டத்தின் பெயரும், ஊர்ப் பெயரும் அவர்களில் பலருக்கு இன்னும் தெரியும். ஜெர்மனியின் அரோல்சன் காப்பகம் நாஜிக் கொடுமைக்கு ஆளான 1.75 கோடிப் பேர் பற்றிய தகவல்களைத் திரட்டி வைத்திருக்கிறது. அதனோடு ஒப்பிட்டால் நாம் கேட்பது மிகச் சிறியது. ஒரு பல்கலைக்கழகத் துறை, பத்து ஆய்வாளர்கள், ஐந்து ஆண்டு நிதி, இரண்டு அரசுகளின் கடிதம்: தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

இப்போது இதைக் கிளறுவது ஜப்பானோடு உள்ள நட்பைப் பாதிக்கும் என்று சிலர் அஞ்சலாம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பானிய ஆலைகள் இயங்குகின்றன. பல்லாயிரம் இளைஞர்கள் அவற்றில் பிழைக்கிறார்கள். இறந்தவர்களின் பெயரைக் கேட்டால் முறிந்துவிடும் நட்பு என்று ஜப்பானிய மக்களைக் குறைத்து மதிப்பிட நாம் தயாரில்லை. அந்த ரயில்பாதையில் ராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகசே தகாஷி, தன் எஞ்சிய வாழ்நாளைப் பிராயச்சித்தமாகவே கழித்தார். மறுபடி மறுபடி தாய்லாந்து சென்று தலைவணங்கினார். தான் உடனிருந்த சித்திரவதைக்கு ஆளான போர்க்கைதி எரிக் லோமாக்ஸைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். தனிமனிதராக அவரால் முடிந்ததை அவருடைய அரசு செய்யட்டும் என்று கேட்பதில் பகை எங்கே இருக்கிறது?

ஜப்பான் அரசு தன் ரயில்வே படைப்பிரிவுகளின் தொழிலாளர் ஆவணங்களில் மிஞ்சியவற்றைத் திறந்துகொடுக்க வேண்டும். மலாயாத் தொழிலாளர்களிடம் வெளிப்படையாக, அவர்களைப் பெயர் சுட்டி, மன்னிப்புக் கேட்க வேண்டும். பெயர்ப் பட்டியல் பணிக்கான செலவை ஏற்க வேண்டும். பிரிட்டன் போர்க் கல்லறை ஆணையத்தின் அனுபவத்தை இப்பணிக்கு அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. காட்சிப்பொருளாக்கப்பட்ட எலும்புகள் எங்கேனும் இன்னும் இருக்குமானால் அவற்றை முறைப்படி அடக்கம் செய்யத் தாய்லாந்து அரசிடம் டெல்லியும் கோலாலம்பூரும் சேர்ந்து கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு நடுகல்லுக்குக் கொடுத்த நிதியோடு தன் கடமை முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது. அயலகத் தமிழர் நலத்துறையின் கீழ் இதற்கென ஒரு நிலையான பிரிவு அமைத்து, மாவட்டவாரியாக, ‘மலாயாவுக்குப் போய்ச் சயாமில் காணாமற்போனவர்’ பற்றிக் குடும்பங்களிடமிருந்து தகவல் பெறத் தொடங்க வேண்டும். அதற்கான ஒதுக்கீடு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெறலாம். கோப்புகளைக் கேட்டுக் கோலாலம்பூருக்கு எழுத வேண்டிய கடிதம் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை.